நெற்றியில் அக்கி வந்தபோது நாங்கள் சென்ற குழந்தைகள் கண் மருத்துவப் பிரிவு

எட்டு வயதான என் மகள், தலை வாரும்போது வலப்பக்கம் சீப்பு பட்டாலே அலறத் தொடங்கியது ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில், நெற்றியின் நடுக்கோட்டைத் தாண்டாமல் வலப்பக்கம் மட்டும் கொப்புளங்கள் கொத்தாக எழும்பியிருந்தன. முதலில் காட்டிய இடத்தில் பூச்சிக்கடி என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் இமையும் வீங்கவே, இந்தக் கண் மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம்.

கொப்புளங்களைப் பார்த்ததுமே செவிலியர், அவற்றின் நீர் பட்டால் சின்னம்மை வராத குழந்தைகளுக்கு அது தொற்றக்கூடும் என்று கூறி எங்களைத் தனி அறையில் அமர்த்தினார். சின்னம்மை எந்த வயதில் வந்தது என்பதே மருத்துவரின் முதல் கேள்வி. எட்டாம் மாதத்தில் என்றேன். கைக்குழந்தையாக இருக்கும்போதே சின்னம்மை கண்டவர்களுக்கு, நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடக்கும் அதே வைரஸ் சிறுவயதிலேயே அக்கியாகக் கிளம்பும் வாய்ப்பு கூடுதலாம். பிறகு, நான் பரு என்று நினைத்திருந்த மூக்கு நுனிக் கொப்புளத்தைச் சுட்டிக்காட்டினார். அவ்விடத்துக்கும் விழிக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால், கண்ணும் பாதிக்கப்பட்டிருக்குமோ என்ற ஐயம் வலுக்கிறது. இதற்கு ஹட்சின்சன் அறிகுறி என்று பெயர். (அது இல்லையென்றாலும் கண் தப்பிவிட்டதாகக் கொள்ள முடியாதாம்.)

என்னைக் கவர்ந்தது பரிசோதனையின் ஒழுங்கு. கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தை விடுவதற்கு முன்பே, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் கருவிழியைத் தொட்டு உணர்ச்சி பார்த்தார். சொட்டு விட்டபின் அச்சோதனைக்குப் பொருளில்லை. இடக்கண் சட்டென்று இமைத்தது, வலக்கண் தயங்கியது. ஆரஞ்சு நிறச் சாயத்தாளைக் கீழிமைக்குள் ஒற்றி நீல ஒளியில் பார்த்தபோது, கருவிழியில் கிளைத்த கீறல் ஒன்று பச்சையாக மின்னியதை எனக்கும் காட்டினார். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவதே நல்லது என்பதால், எடைக்கேற்ற அளவில் அசைக்ளோவிர் அன்றே தொடங்கப்பட்டது.

குறைகளும் உண்டு. மருந்துச் சீட்டில் வேளைகள் தெளிவாக இல்லை; இரவில் எழுப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்பதற்கு மூன்று முறை தொலைபேசியில் அழைக்க நேர்ந்தது. மறுபரிசோதனை நாள்களில் காத்திருப்பு இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. ஆயினும், கண்ணின் உள்ளழற்சியும் அழுத்தமும் பிந்தியும் வரலாம் என்று சொல்லி, பொருக்கு உதிர்ந்த பிறகும் எங்களை விடாமல் வரவழைத்தார்கள். ஆறாம் வாரத்தில் அதே பஞ்சு நுனி வலக்கருவிழியைத் தொட்டதும், மகள் மருத்துவரின் கையைத் தட்டிவிட்டாள்; அவர் சிரித்துக்கொண்டே, உணர்ச்சி இயல்பாக உள்ளது என்று குறிப்பில் எழுதினார்.