பிளிக்கர்ஸ்: பிள்ளைகள் கையில் போன் இல்லாத வகுப்புக்கு

தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், 43 பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் ஒரே போன்தான், அதுவும் காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஆன்லைனில் வினாடி வினா நடத்த கஹூட், கூகுள் ஃபார்ம்ஸ் எல்லாம் நல்லவைதான், ஆனால் பதில் சொல்லப் பொதுவாக ஆளுக்கொரு திரை வேண்டுமே. பிளிக்கர்ஸ் என்ற வினாடி வினா ஆப்புக்கு டீச்சரின் போன் ஒன்று போதும், பிள்ளைகள் கையில் வெறும் காகித அட்டை. இரண்டு வருஷமாகப் பயன்படுத்துகிறேன்.

ஒவ்வொரு அட்டையிலும் கியூஆர் கோடு மாதிரி ஒரு கறுப்புக் கட்டம், நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எந்தப் பதில் சரியென்று தோன்றுகிறதோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பித் தூக்கிக் காட்ட வேண்டும், நான் போன் கேமராவை வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பினால் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று பெயரோடு வந்துவிடும். ஒரு அட்டையின் கட்டம் இன்னொன்றைப் போல் இருக்காது, அதனால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்பினாலும் பயனில்லை.

எனக்கு இதில் பெரிய விஷயம் மதிப்பெண் இல்லை, தப்பு எங்கே என்று அந்த நிமிஷமே தெரிவதுதான். பின்னம் நடத்தி முடித்த அன்று 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டேன், கேட்கும் முன் "புரிந்ததா?" என்றதற்கு வகுப்பே "புரிஞ்சது டீச்சர்" என்றிருந்தது. அட்டைகளைப் படித்தால் 26 பேர் 2/5, அதாவது மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருக்கிறார்கள். எப்போதும் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருக்கும் ஒரு பெண் 5/6 என்று சரியாகக் காட்டியிருந்தாள், அட்டையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்திருந்ததால் கேமராவுக்கு அகப்பட இரண்டு தடவை ஆனது. அவ்வளவு நாளும் அவளுக்குக் கணக்கு வராது என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கே சப்பாத்தியை வட்டமாக வரைந்து ஆறு துண்டாக்கி மறுபடி நடத்தினேன், அப்புறம் அதே மாதிரி இன்னொரு கேள்வி போட்டதில் 2/5 வகையில் விழுந்தவர்கள் ஏழு பேர்தான். இதையே பரீட்சைத் தாளில் கண்டுபிடித்திருந்தால் மூன்று வாரம் ஆகியிருக்கும், பிள்ளைகள் அதற்குள் தசமத்துக்குப் போயிருப்பார்கள்.

அட்டைகளை பிளிக்கர்ஸ் தளத்திலிருந்தே இலவசமாக எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம். 40 அட்டைத் தொகுப்பு எங்களுக்குப் பற்றாது, 63 அட்டைத் தொகுப்பை எடுத்தேன். ஒன்று முக்கியம்: பளபள லேமினேஷன் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண்ணாடி மாதிரி மின்னும், கேமரா படிக்காது. முதல் தடவை நான் அப்படிப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி அச்சடித்தேன். பழைய நோட்டு அட்டையில் ஒட்டினாலே போதும். பிள்ளைகளுக்கு விரல் கறுப்பு மேல் படாமல் ஓரத்தைப் பிடிக்கப் பழக்க வேண்டும், அதற்கு ஒரு பீரியட் போகும். புரொஜெக்டர் இல்லாததால் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன், ஒரு குறையும் இல்லை.

காசு கட்டாமல் பயன்படுத்தினால் ஒரு கேள்வித் தொகுப்பில் 5 கேள்விதான், 35 நிமிஷ வகுப்பில் எனக்கு அதுவே அதிகம். நான்கில் ஒன்றைக் குத்துமதிப்பாகக் காட்டியும் சரியாகிவிடலாம் என்பதால் இதை வைத்து யாருக்கும் மதிப்பெண் போடுவதில்லை. கணக்கின் படிகளையோ கட்டுரையையோ இதில் பார்க்கவும் முடியாது, அதற்கு நோட்டுத் திருத்தித்தான் ஆக வேண்டும். தப்பான விடைகளை யோசித்து வைப்பதுதான் உண்மையான வேலை. பிள்ளைகள் எப்படித் தப்புச் செய்வார்கள் என்று தெரிந்து 2/5 மாதிரி ஒன்றை வைக்காவிட்டால் இந்த அட்டையால் ஒன்றும் தெரியாது.

போன் குறைவாக இருக்கும் பள்ளி டீச்சர்கள் தயங்காமல் எடுங்கள். அட்டைகளை மட்டும் பள்ளி அலமாரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஜூலை மழையில் வீட்டுக்குப் போகும் அட்டை நனைந்துதான் திரும்பும்.