வலது தோள்பட்டைக்கு ஆறு மணி நேரம்

22 வருடமாகத் தையல் மெஷின் முன்னால் குனிந்திருக்கிறேன். கை துணியைத் தள்ளும், கால் மிதிக்கும், கண் ஊசியை விட்டு அகலாது, தலை முன்னால் தொங்கும். வளர்ந்த ஒருவரின் தலை நாலரை முதல் ஐந்து கிலோ வரை எடை இருக்குமாம். நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்தப் பாரத்தை முதுகெலும்பு வாங்கிக்கொள்ளும். குனிந்தால் பின்கழுத்துத் தசைகள்தான் நாள் முழுக்க அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கு எனக்குப் போன மாதம்தான் தெரியும். வலியை நாலு வருடமாகத் தெரியும்.

இதே இடத்தில் வலிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால் இடத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குத்தல். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அது அங்கிருந்து கிளம்பி, தோளின் மேல்பக்கம் ஏறி, காதுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோட்டுக்கு லைனிங் வைக்கிற நாளில் மதியமே வந்துவிடும். டாக்டர் கையில் பலம் இருக்கிறதா, விரல் மரத்துப்போகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, நரம்பில் ஒன்றும் இல்லை, தசைதான் என்றார். வலி மாத்திரை சாப்பிட்டேன். மாத்திரை இருக்கிற வரைக்கும் நன்றாக இருந்தது.

மசாஜுக்கு இப்போது போகிற இடத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், முதலில் போன இடத்தைச் சொன்னால்தான் வித்தியாசம் புரியும். பெயர் வேண்டாம். உள்ளே போனதும் படுக்கச் சொன்னார்கள். எங்கே வலி என்று கேட்டதோடு சரி. முழங்கையை வைத்து அழுத்தினார் பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வலிச்சாத்தான் முடிச்சு கரையும், பொறுத்துக்குங்க" என்றார். பொறுத்துக்கொண்டேன். மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் தோள் முழுக்க நீலம் பாரித்திருந்தது. மூன்று நாள் கத்திரியைத் தூக்க முடியவில்லை. போன் செய்து கேட்டதற்கு, உடம்பில் இருக்கிற நச்செல்லாம் வெளியேறுகிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று பதில் வந்தது.

இந்த நச்சுக் கதையை நானும் அப்போது நம்பினேன். கழிவை வெளியேற்றுகிற வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன, அழுத்திப் பிழிந்து எடுக்கிற மாதிரி தசைக்குள் எதுவும் தேங்கியிருப்பதில்லை. லாக்டிக் ஆசிடைக் கரைக்கிறோம் என்பார்கள் சிலர். கடுமையாக உடற்பயிற்சி செய்தால்கூட அது ஒரு மணி நேரம் போல ஆனால் தானாகவே இறங்கிவிடும். எனக்கு ஏற்பட்டது வெறும் காயம். ரத்தம் கட்டியதை நச்சு என்று பெயர் மாற்றிச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் யாரையும் முதுகைத் தொட விடவில்லை.

இப்போதைய இடத்தில் முதல் 20 நிமிடம் படுக்கவே விடவில்லை. ஒரு படிவம், அப்புறம் மசாஜ் செய்கிறவரின் கேள்விகள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, காய்ச்சல் உண்டா, தோலில் புண் உண்டா, எலும்பு முறிந்திருக்கிறதா, பாதாம் மாதிரி எதற்காவது அலர்ஜி உண்டா. கடைசிக் கேள்வி எதற்கு என்று கேட்டேன். சில மசாஜ் எண்ணெய்கள் பாதாமில் இருந்து எடுத்தவை என்றார். "ராத்திரி வலி எழுப்பி விடுதா? திரும்பிப் படுத்தா குறையுதா?" என்றும் கேட்டார். எப்படிப் படுத்தாலும் குறையாத ராத்திரி வலி என்றால் மசாஜுக்கு முன்னால் டாக்டரிடம்தான் போகவேண்டுமாம்.

பிறகு கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார். கடைசியில், "மெஷின்ல உக்காந்து தைக்கிற மாதிரி உக்காந்து காட்டுங்க" என்றார். வெறும் ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத மெஷினில், இல்லாத துணியைத் தைத்துக் காட்டினேன். சிரிப்பாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மேசை உங்க முழங்கையை விட உசரமா இருக்கு போல. தோளைத் தூக்கி வச்சுக்கிட்டே தைக்கறீங்க" என்றார். 22 வருடத்தில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. எத்தனையோ பேருடைய தோள் இறக்கத்தை இஞ்ச் டேப் வைத்து அளந்திருக்கிறேன், என் வலது தோள் இடதை விட மேலே நிற்பதை நானே கவனித்ததில்லை.

கைவேலையைப் பற்றிச் சொல்கிறேன். தொடக்கத்தில் எண்ணெய் தடவி இடுப்பில் இருந்து தோள் வரை நீளமாக நீவுவார், பத்து நிமிடம் போல. இதற்கு எஃப்லூராஜ் என்று பெயர், பிசைவதற்குப் பெட்ரிசாஜ். இரண்டுமே பிரெஞ்சு வார்த்தை. அவற்றைப் புழக்கத்தில் விட்டவர் மெஸ்கர் என்கிற 19ஆம் நூற்றாண்டு டச்சு டாக்டர். மொத்தத்துக்கும் பெயர் ஸ்வீடிஷ் மசாஜ். ஸ்வீடனில் கேட்டால் அதைக் கிளாசிக் மசாஜ் என்பார்களாம். சரி, பெயரை விடுங்கள்.

அதற்குப் பிறகுதான் அழுத்தம். பூஜ்யத்தில் இருந்து பத்து வரை வலிக்கு ஓர் எண் சொல்லச் சொல்வார். ஆறுக்கு மேல் ஒரு தடவைகூடப் போகவில்லை. நான் வீராப்பாக "அஞ்சுதான்" என்று சொன்ன இடத்தில் விரலை நிறுத்தி, "மூச்சைப் பிடிச்சிருக்கீங்க, அஞ்சு இல்ல" என்றார். தோளின் மேல்பக்கம் இருக்கிற தசையை இரண்டு விரலால் கிள்ளியது போல் பிடித்ததும், காதுக்குப் பின்னால் என் வலி வந்து நின்றது! அங்கே அவர் கையே வைக்கவில்லை. இப்படி ஓர் இடத்தை அழுத்தினால் வேறோர் இடத்தில் வலி தெரிகிற புள்ளிகளுக்கு ட்ரிகர் பாயின்ட் என்று பெயர். அவற்றை உடம்பு முழுக்க வரைபடமாகப் போட்டவர்களில் முக்கியமானவர் ஜேனட் ட்ராவெல். அமெரிக்க அதிபர் கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். ஆனால் அந்த முடிச்சு என்பது உண்மையில் என்ன என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. ஒரே முதுகை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் முடிச்சைக் காட்டுவார்கள் என்கிற உத்தரவாதமும் கிடையாது. இதை அவரே சொன்னார். தன் தொழிலின் ஓட்டையைத் தானே சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

தோள்பட்டை எலும்பின் மேல்மூலையில் வந்து ஒட்டுகிற தசை ஒன்று உண்டு, கழுத்தின் முதல் நாலு எலும்புகளில் இருந்து இறங்குவது. அதன் லத்தீன் பெயருக்கே தோள்பட்டையைத் தூக்குவது என்றுதான் அர்த்தமாம். நான் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டே தைத்ததில் நாள் முழுக்க உழைத்தது அதுதான். அந்த மூலையில் கட்டைவிரலை வைத்துவிட்டு அவர் சும்மா இருப்பார். தேய்க்க மாட்டார், நோண்ட மாட்டார். அரை நிமிடம் கழித்து உள்ளே ஏதோ விட்டுக்கொடுக்கும்.

எனக்குக் கம்பளித் துணியின் ஞாபகம் வந்தது. சுருங்கிப்போன துணியைப் பலமாக இழுத்து நீட்டித் தைத்தால் அன்றைக்கு அழகாக நிற்கும், ஆனால் ஒரு தடவை தண்ணீர் பட்டால் பழையபடி சுருங்கிக்கொள்ளும். ஆவி காட்டி, கையை வைத்து, ஆறுகிற வரைக்கும் அசையாமல் விடவேண்டும். முதல் இடத்துக்காரர் என்னை இழுத்துத் தைத்தவர். இவர் ஆவி காட்டுகிறவர்.

இனி பலன். வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரம், மொத்தம் ஆறு வாரம். முதல் தடவை முடிந்து வீட்டுக்கு வந்தபோது தோளில் யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மறுநாள் உடற்பயிற்சி செய்தது போல ஒரு சின்ன உளைச்சல். மூன்றாவது நாள் வலி திரும்பி வந்துவிட்டது. எனக்குக் கோபம். இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவதுக்குப் பிறகு ஐந்து நாள் தாங்கியது. நாலாவது தடவை மேசையிலேயே தூங்கிவிட்டேன், எச்சில் வடிய. இப்போது ஏழில் இருந்த வலி சாயங்காலத்தில் மூன்றில் நிற்கிறது, சில நாள் இரண்டு.

ஆனால் இது மசாஜ் செய்ததா, நாற்காலி செய்ததா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அவர் பேச்சைக் கேட்டு இரண்டாவது வாரம் நாற்காலியை இரண்டு இஞ்ச் உயர்த்தினேன். 40 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நிற்கிறேன். சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் டென்னிஸ் பந்தை வைத்து உருட்டுகிறேன். அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று 2017இல், திடீரென்று வருகிற இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றில் மசாஜையும் சேர்த்தது. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் கொஞ்சம் கறார்: கையால் செய்கிற சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும் கொடுங்கள் என்கிறது. இரண்டுமே இடுப்புக்குச் சொன்னவைதான், ஆனாலும் என் தோள் பிரிட்டன் கட்சி. கழுத்து வலிக்காரர்கள் கவனிக்க இன்னொன்று: 2014இல் வெளியான ஓர் ஆய்வில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு 60 நிமிடம் என்று செய்துகொண்டவர்களுக்குத்தான் நன்றாகக் கேட்டது. 30 நிமிட மசாஜில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்பதிவு செய்துவிட்டுப் பலன் இல்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

குறைகளும் இருக்கின்றன. முகத்தை வைக்கிற ஓட்டையில் பத்து நிமிடத்தில் மூக்கு அடைத்துக்கொள்கிறது. எழுந்தால் நெற்றியில் துண்டின் வரி ஒரு மணி நேரத்துக்கு நிற்கும், அப்படியே கடைக்குப் போனால் எல்லாரும் கேட்கிறார்கள். அருவிச் சத்தத்தை ஓடவிடுகிறார்கள், அரை மணி நேரத்துக்கு மேல் கேட்டால் வேறு உபாதை வருகிறது. வாசலில் "நச்சு நீக்கம்" என்று இங்கேயும் ஒரு போஸ்டர் தொங்குகிறது. அதைக் காட்டிக் கேட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார். வரவேற்பில் இருக்கும் தம்பி, மொத்தமாகப் பத்துத் தடவைக்குச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று ஒவ்வொரு வாரமும் நச்சரிக்கிறார்.

எல்லாவற்றையும் விட மோசம் ஐந்தாவது வாரம். அவர் லீவு, சொல்லாமலே வேறொருவரை அனுப்பிவிட்டார்கள். படிவத்தை அந்தப் புது ஆள் பார்க்கவே இல்லை. ஒரு மணி நேரமும் பேசினார், தன் வீட்டுக் கதவு, தன் பக்கத்து வீட்டுக் கதவு. நான் எட்டு என்றால் "சும்மா இருங்க" என்றார். அந்த வாரம் வலி ஐந்துக்கு ஏறியது.

வாங்கி வைத்திருக்கும் மசாஜ் கன் பற்றியும் ஒரு வரி. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் சுகமாக இருக்கிறது. தோள்பட்டைக்கு நடுவில் என் கையே எட்டாது, கன் எப்படி எட்டும்? கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டிலும் அதை வைக்கவே கூடாது, மூளைக்கு ரத்தம் போகிற பெரிய குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன.

இத்தனை குறையையும் மீறி நான் இவரிடமே போவதற்குக் காரணம் வேறு. என்னோடு காஜா எடுக்கிறவர் ஒருவருக்கு இடது கெண்டைக்கால் வலி. நின்று நின்று பிடித்துக்கொண்டது என்று நினைத்து, நான் சொன்னதைக் கேட்டு இவரிடம் போனார். இவர் அந்தக் காலைப் பார்த்தார்: ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, தொட்டால் சூடு. கையே வைக்காமல், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஸ்கேனில் காலின் உள்நாளத்தில் ரத்தக்கட்டு. அதைப் பிசைந்திருந்தால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது மாத்திரையில் இருக்கிறார், நன்றாக இருக்கிறார். முதல் இடத்து முழங்கைக்காரரிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் அவரும் பேசிக்கொள்வதில்லை.

அவருடைய கைக்கு ஐந்துக்கு ஐந்து. இடத்துக்கு மூன்று, போஸ்டருக்காக அரை குறைத்து இரண்டரை. இனி வாரா வாரம் வரவேண்டாம், ஆறு வாரம் கழித்து வந்தால் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். வரவேற்புத் தம்பிக்கு முகம் வாடிவிட்டது. தேதி குறிக்கும்போது, கதவுக் கதை சொல்கிறவர் என்றால் முன்னாலேயே போன் செய்யுங்கள், நான் வரமாட்டேன் என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.