நன்கொடை ரசீதில் போன 65,000 ரூபாய்

மின்னணுப் பழுதுபார்ப்புப் படிப்பில் மகனையோ தம்பியையோ சேர்க்கப் பணம் புரட்டிக்கொண்டிருப்பவர்கள், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

2022இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். விழுப்புரம் பஸ் நிலையத்தில் ஒருவர் கையில் திணித்த நோட்டீஸில்தான் எல்லாம் தொடங்கியது. 'சமுதாயக் கல்லூரி. ஓராண்டில் மொபைல், லேப்டாப், டிவி பழுதுநீக்கும் பட்டம். அரசு அங்கீகாரம். 100 சதவீத வேலை உறுதி.' ஓராண்டில் பட்டம் எப்படிக் கிடைக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. சென்னையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த அந்த 'கல்லூரி'யில் 65,000 ரூபாய் கட்டினோம்.

சமுதாயக் கல்லூரி என்பது பொய்யான பெயர் அல்ல. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இப்படி ஒரு கல்லூரியைத் தொடங்கியதும், அடுத்த ஆண்டே அது போன்ற ஒன்று சென்னையில் வந்ததும் அந்தப் பெயரில்தான். ஏழைப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுத்தர வந்த நல்ல ஏற்பாடு அது. அந்தப் பெயரின் நிழலில்தான் இவர்கள் கடை விரித்திருந்தார்கள்.

வகுப்பில் நாங்கள் 22 பேர். சால்டரிங் அயர்ன் இரண்டு. அதில் ஒன்றுக்கு முனை கிடையாது. மின்தடையின் வண்ணக் கோடுகளை மட்டும் மூன்று வாரம் பலகையில் எழுதிப் போட்டார்கள். பிறகு பிக்சர் டியூப் டிவியின் ஃபிளைபேக் டிரான்ஸ்பார்மர். தெருவில் ஒரு வீட்டிலும் அந்த டிவி இல்லாத காலத்தில் அதற்கு ஒரு மாதம்! போர்டிலிருந்து சிறு பாகங்களைச் சூடான காற்றால் கழற்றும் ஹாட் ஏர் இயந்திரம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே இருந்தது. சாவியைக் கேட்டால், "இரண்டாம் பருவத்தில்" என்பார்கள். இரண்டாம் பருவத்தில் ஆசிரியரே நின்றுவிட்டார்.

சுவரில் சட்டம் போட்ட மூன்று சான்றிதழ்கள் மாட்டியிருந்தன. ஒன்று ஐஎஸ்ஓ 9001, ஒன்று அறக்கட்டளைப் பதிவு, ஒன்று உத்யம் பதிவு. மூன்றிலும் முத்திரை பளபளத்தது. ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனம் தன் வேலைகளை எந்த முறையில் நடத்துகிறது என்பதற்கானது. பாடத்துக்கும் தேர்வுக்கும் அது அங்கீகாரம் ஆகாது. உத்யம் பதிவை எந்தச் சிறுதொழில் செய்பவரும் இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். இட்லிக் கடைக்கும் அது கிடைக்கும்.

படிப்பு முடிந்து கொடுத்த 'பட்ட'த்தை எடுத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அலுவலர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "எந்தப் பல்கலைக்கழகம், தம்பி? எந்த வாரியம்?" என்றார். அதில் இருந்தது அந்த நிறுவனத்தின் பெயரும் இயக்குநரின் கையெழுத்தும் மட்டும்தான். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் பதிந்துகொண்டு அனுப்பிவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்தேன். ரசீதைக் கேட்டார்கள். அன்றுதான் அதை முழுதாகப் படித்தேன். 'அறக்கட்டளைக்கு மனமுவந்து அளித்த நன்கொடை' என்று அச்சிட்டிருந்தது. கல்விக் கட்டணம் என்ற சொல்லே இல்லை. அம்மா மனமுவந்துதான் சங்கிலியைக் கழற்றினாளா என்று அந்தக் 'கல்லூரி'க்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

'100 சதவீத வேலை' என்பது சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் உள்ள கடைகளின் பெயர் எழுதிய ஒரு தாள். அதை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். ஐந்தாவது கடைக்காரர் சான்றிதழைத் தொடவே இல்லை. செத்துப்போன ஒரு மொபைல் போர்டை முன்னால் வைத்து, "ஷார்ட் எங்கே, பார்" என்றார். மல்டிமீட்டரை எந்த நிலையில் வைப்பது என்றே எனக்குக் கை தடுமாறியது. அவர் பற்றவைப்புக்குப் பயன்படும் ரோசின் பிசினை உருக்கி அதன் புகையைப் போர்டின் மேல் காட்டினார்; மெல்லிய வெள்ளைப் படலம் படிந்தது. மின்வழங்கியிலிருந்து குறைந்த மின்னழுத்தத்தை ஏற்றினார். கடுகைவிடச் சிறிய ஒரு மின்தேக்கியின் மேல் மட்டும் அந்த வெள்ளை உருகி மறைந்தது. "சூடாகிறவன்தான் திருடன்" என்று சொல்லி இடுக்கியால் அதைப் பெயர்த்தார். போன் உயிர் பெற்றது. ஓராண்டில் நான் பார்க்காததை ஐந்து நிமிடத்தில் பார்த்தேன். மாதம் 6,000 ரூபாய்க்கு எடுபிடியாகச் சேர்ந்தேன்.

இன்று 18,000 வாங்குகிறேன். தொழிலைக் குறை சொல்லமாட்டேன். டிவியில் திரை உடைந்தால் மாற்றும் செலவு புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அதில் நமக்கு வேலை இல்லை. ஆனால் ஏசி, வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் போர்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. புதுப் போர்டு பல ஆயிரம் என்றால் பழையதைச் சரிசெய்யத்தான் கேட்பார்கள்.

என் சித்தப்பா மகன் அரசு ஐடிஐயில் எலக்ட்ரானிக் மெக்கானிக் படித்தான். இரண்டு ஆண்டு; பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் வந்தது. தேசியத் தொழிற்பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். 'ஐடிஐயா' என்று அன்று அவனைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

எங்கே சேர்ந்தாலும் சான்றிதழை வழங்குவது யார் என்று முதலில் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால், அந்தப் பல்கலைக்கழகத்திடமே விசாரியுங்கள். பட்டறைக்குள் போய் மேசைகளை எண்ணுங்கள். அலமாரி பூட்டியிருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரசீதில் 'கட்டணம்' என்று இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள்.

சென்ற மாதம் அந்த மருந்துக்கடை வழியாகப் போனேன். மாடியில் பலகை புதிது, பெயரும் புதிது. தொலைபேசி எண் மட்டும் பழையது. இப்போது டிரோன் பழுதுநீக்கமும் கற்றுத்தருகிறார்களாம்.