வெள்ளத்துக்கு ரேடார், மண்ணரிப்புக்கு ஒளிப்படம்: ஆற்றுப்படுகை வரைபடத்தில் எது எங்கே கைகொடுக்கும்?

ஒரே நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வெள்ள வரைபடமும் மண்ணரிப்பு வரைபடமும் வேண்டுமென்றால், இரண்டையும் ஒரே செயற்கைக்கோளில் முடிக்கப் பார்ப்பது வீண் வேலை. வெள்ளம் மணிக்கணக்கில் வந்து வடிகிறது. மண் ஆண்டுக்கணக்கில் கரைகிறது. தரவுத் தேர்வை இந்தக் கால வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

வெள்ளம்: சென்டினல்-1 எதிர் சென்டினல்-2

சென்டினல் என்பது ஐரோப்பாவின் புவி நோக்குச் செயற்கைக்கோள் வரிசை. சென்டினல்-2 ஒளிப்படம் 10 மீட்டர் துல்லியம் தருகிறது, அதாவது ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை கடக்கின்றன. ஆனால் வெள்ள நாளில் வானம் மூடியிருக்கும், படமெல்லாம் மேகம். சென்டினல்-1 சி-பேண்ட் ரேடாருக்கு மேகமும் இருட்டும் பொருட்டல்ல. ஒரு செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை, இரண்டு இருந்தால் 6 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் வரும். வெள்ளப் பரப்புக்கு ரேடாரே முதல் தேர்வு. சிறிய படுகையில் வெள்ளத்தின் உச்சம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும் என்பதால், கையில் கிடைப்பது பெரும்பாலும் வடிகிற வெள்ளத்தின் படம்தான். அதை 'அதிகபட்ச வெள்ளப் பரப்பு' என்று தலைப்பிடக் கூடாது.

ரேடாரில் செய்முறை நீளமில்லை. ஒரே சுற்றுப்பாதை எண், ஒரே ஏறுமுகம் (வடக்கு நோக்கி) அல்லது இறங்குமுகம் (தெற்கு நோக்கி) கொண்ட இரண்டு படங்களை எடுங்கள்: ஒன்று வெள்ளத்துக்கு முன், மற்றது வெள்ளத்தின்போது. அளவுத்திருத்தம், புள்ளி இரைச்சல் வடிகட்டல், நிலத்தோற்றத் திருத்தம் முடித்து, திரும்பி வந்த அலையின் வலிமையை டெசிபலுக்கு மாற்றுங்கள். பிறகு கழியுங்கள். டெசிபல் மடக்கை அளவு. அதை வகுப்பது தவறு, வகுத்துவிட்டுப் பரப்பு ஏன் கூடுகிறது என்று தேடுவோர் நிறையப் பேர். 3 டெசிபலுக்கு மேல் குறைந்த பிக்சல்களைப் புது வெள்ளமாக எடுத்துத் தொடங்கலாம். ஒற்றைப் படம் மட்டும் இருந்தால் வி.வி.யில் (செங்குத்து அலையை அனுப்பிச் செங்குத்தாகவே பெறும் முறை) நீருக்கான எல்லை பெரும்பாலும் -15 முதல் -18 டெசிபலுக்குள் வரும். ஓட்சு முறையில் (மதிப்புகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கும் கணக்கு) அந்த எல்லையைத் தானாகக் கண்டுபிடிக்க வைப்பதானால், படம் முழுவதையும் கொடுக்காதீர்கள். நீரின் பங்கு மிகச் சிறிதாக இருந்தால் பிக்சல் மதிப்புகளின் பரவல் படத்தில் இரண்டு மேடுகள் உருவாகாது, எல்லை வறண்ட நிலத்துக்குள் போய் விழும். ஆற்றை ஒட்டிய பட்டையை மட்டும் வெட்டிக் கொடுங்கள்.

ரேடார் ஏமாறும் இடங்களும் உண்டு. மலையின் ரேடார் நிழல், உலர் மணல், தார்ச்சாலை எல்லாமே நீரைப்போலக் கறுப்பாக விழும். காற்றடித்து அலையெழும் நீர் நிலம்போல வெளுக்கும். மரத்தடியிலும் உயர்ந்த பயிரிலும் நிற்கும் நீரில் அலை தண்டிலும் நீரிலும் மோதி இரட்டை எதிரொலிப்பாகி, பிக்சல் கறுப்பதற்குப் பதில் வெளுத்துவிடும். அருகிலுள்ள வாய்க்கால் மட்டத்திலிருந்து 15 மீட்டருக்கு மேல் இருக்கும் பிக்சல்களை நீக்கினாலே மலைநிழல் பிழையில் பெரும்பகுதி போய்விடும்.

மேகமில்லாத நாள் கிடைத்தால் சென்டினல்-2-க்கு மதிப்பு கூடும். கலங்கிய வெள்ளத்தில் பச்சை, அருகு அகச்சிவப்பு அடிப்படையிலான நீர்க்குறியீடு (இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது) சுழியத்துக்கு அருகில் இறங்கிவிடும், ஏனென்றால் சேறு அருகு அகச்சிவப்பை எதிரொலிக்கிறது. அருகு அகச்சிவப்புக்குப் பதில் குறுஅலை அகச்சிவப்புப் பட்டை 11-ஐப் பயன்படுத்துங்கள். துல்லியம் 20 மீட்டராகக் குறைந்தாலும் பரவாயில்லை. 2022 ஜனவரிக்குப் பிந்தைய கோப்புகளில் ஒவ்வொரு மதிப்பிலும் 1000 கூட்டப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். பச்சை 600, அருகு அகச்சிவப்பு 300 என்றால் குறியீடு 0.33. கழிக்காமல் விட்டால் 1600, 1300 ஆகி 0.10. பழைய படத்தோடு ஒப்பிட்டால் ஆறு வற்றிவிட்டதாகத் தெரியும்.

மண்ணரிப்பு: திருத்திய பொதுச் சமன்பாடு எதிர் நேரடி மாற்றம்

இங்கே ஒளிப்படமே முன்னிலை. மழைவீச்சு, மண் அரிமானம், சரிவு, தாவரப் போர்வை, காப்பு நடவடிக்கை என ஐந்து காரணிகளைப் பெருக்கும் இந்தத் திருத்திய பொதுச் சமன்பாடு (ஆர்.யு.எஸ்.எல்.இ.) ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இத்தனை டன் என்று எண் தருகிறது. அந்த எண்ணை நம்பி அணையின் வண்டலைக் கணக்கிடாதீர்கள். அது பரப்பரிப்பையும் சிற்றோடை அரிப்பையும் மட்டுமே பார்க்கிறது. ஓடைப்பள்ளம், கரை இடிவு, நிலச்சரிவு, வழியில் படியும் மண் எதுவும் அதில் இல்லை. எந்தத் துணைப்படுகைக்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்த அது போதும்.

பிழை நுழையும் வழிகள் தெரிந்தவைதான். மண் காரணியை அமெரிக்க அலகிலும் மழைக் காரணியை மெட்ரிக்கிலும் போட்டால் விடை 7.6 மடங்கு பெருகும். அமெரிக்க மதிப்பை முதலில் 0.1317 ஆல் பெருக்குங்கள். தாவரப் போர்வையைத் தாவரக் குறியீட்டிலிருந்து (பசுமையின் அளவைக் காட்டும் என்.டி.வி.ஐ.) எடுக்கும் வழக்கமான சூத்திரத்தில் குறியீடு 0.2 என்றால் போர்வைக் காரணி 0.61, 0.5 என்றால் 0.14. ஆண்டு முழுவதற்கும் ஒரே சராசரி எடுத்தால், முதல் மழை விழும்போது நிலம் வெறுமையாக இருந்தது மறைந்துவிடும். மாதந்தோறும் மழைக் காரணியோடு பெருக்கிக் கூட்டுவதே சரி. காய்ந்த வைக்கோலும் சருகும் மண்ணைக் காத்தாலும், குறியீட்டுக்கு அவை வெற்று நிலம்தான்.

சரிவுக் காரணியைத் தீர்மானிப்பது உயர மாதிரி, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் உயரம் தரும் கோப்பு. எஸ்.ஆர்.டி.எம். அமெரிக்க விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் 2000 பிப்ரவரியில் எடுத்தது, கோபர்நிக்கஸ் ஜி.எல்.ஓ.-30, 2011–2015 காலத்து டான்டெம்-எக்ஸ் ரேடார் செயற்கைக்கோள் தரவிலிருந்து வந்தது. இன்றைக்குத் தொடங்குவதென்றால் இரண்டாவதுதான். இரண்டுமே மரத்தையும் கட்டடத்தையும் நிலமாக எண்ணுகின்றன, காட்டின் ஓரம் செங்குத்துச் சரிவாகி அரிப்பு வீங்கும். டிகிரி அலகில் இருக்கும் கோப்பிலிருந்து நேரடியாகச் சரிவு எடுத்தால் எல்லாம் 90 டிகிரிக்கு அருகில் வரும். முதலில் மீட்டர் அலகுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது அருகுப் பிக்சல் முறை (பக்கத்துப் பிக்சலின் மதிப்பை அப்படியே எடுப்பது) வேண்டாம், கோடு கோடாகப் படி விழும். பாலத்தின் பின்னால் பள்ளத்தை நிரப்பினால் போலி ஏரி உருவாகும், அங்கே பாலத்தை மாதிரியில் வெட்டி நீர்வழியைத் திறக்கும் முறை நல்லது. சரிவின் நீளத்தை 300 மீட்டருக்குள் கட்டுப்படுத்தி ஓடைப் பிக்சல்களை நீக்காவிட்டால், ஆற்றின் நடுவே உச்ச அரிப்பு காட்டும்.

இரண்டு உயர மாதிரிகளைக் கழித்து ஓடைப்பள்ளத்தை அளக்கும் யோசனை ஆசை காட்டும். ஜி.எல்.ஓ.-30-இன் உயரப் பிழை வரம்பு 4 மீட்டர், எஸ்.ஆர்.டி.எம். வரம்பு 16 மீட்டர். 2 மீட்டர் ஆழப் பள்ளம் இந்தக் கழித்தலில் சிக்காது. அதற்கு ட்ரோன் வேண்டும்.