அன்னம் வாத்தான கதை: புரூட் கட்டுரைகள், பைண்டிங் கொப்பி

ஐந்துக்கு மூன்றரை. எழுதியவருக்கு ஐந்து, அச்சடித்துத் தந்த கடைக்கு இரண்டு, கூட்டிப் பாதியாக்கினால் அதுதான் வருகிறது.

மட்டக்களப்புக் கல்லடியில் பைபர் போட் திருத்துவது என் தொழில். வில்லியம் புரூட் என்ற ஆங்கிலேயர் 1861 முதல் 1879-இல் சாகும்வரை கப்பல்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளையும் அறிக்கைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிச் சேர்த்து வைத்திருந்தேன், போனில் வாசித்துக் கண் வலித்ததுதான் மிச்சம். 1955-இல் லண்டனில் இவருடைய கட்டுரைகளைத் தொகுத்து ஒரு தடித்த புத்தகமாகப் போட்டார்கள், அது மட்டக்களப்புக்கு எங்கே வரப்போகிறது. அதனால் டவுனுக்குள் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) பென் டிரைவைக் கொடுத்து, இரண்டு பக்கமும் அடித்து, ஹார்ட் பைண்டிங் போட்டு வாங்கினேன். 4,800 ரூபா. சொன்ன நாளுக்கு இரண்டு நாள் பிந்தியது, அதை விடுங்கள். தாள் நல்லது, தையல் உறுதி, எழுத்துப் பக்கங்களில் ஒரு குறையும் இல்லை.

கோளாறு படங்களில். மூலத்தில் மடித்து வைத்த பெரிய தாள்கள் அவை. கடைப் பொடியன் எல்லாவற்றையும் ஏ4-க்குள் 'பிட் டு பேஜ்' கொடுத்து அடித்துவிட்டான், ஒன்று கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, அடுத்தது இன்னும் கூட. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு படத்தை வேர்டில் ஒட்டி, ஓரத்தில் வெள்ளை தெரியக் கூடாதென்று பக்கவாட்டில் இழுத்து நிரப்பியிருக்கிறான் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சுருக்குவதற்கும் பெருக்குவதற்கும் ஒரு முறை உண்டு என்று ஆயுள் முழுக்க நிரூபித்த மனுசனின் படத்தையா அப்படி இழுப்பது?

அந்த முறையைச் சொன்னால்தான் என் எரிச்சல் விளங்கும். 1867-இல் இங்கிலாந்தின் டார்ட் ஆற்றில் புரூட் இரண்டு வடிவத்தில் மாதிரிப் படகுகள் செய்து இழுத்துப் பார்த்தார். ஒன்றின் பெயர் அன்னம், முனைகள் உருண்டு பருத்தவை. மற்றது அண்டங்காகம், முனைகள் கூரானவை. ஒவ்வொன்றிலும் 3 அடி, 6 அடி, 12 அடி என்று மூன்று அளவு. கூரான மூக்குத்தான் எப்போதும் நல்லது என்று பெரிய ஆட்களே நம்பிய காலம் அது. மெதுவாக ஓடும்போது காகத்துக்குத்தான் தண்ணீர் தரும் தடை குறைவு, வேகம் கூடக் கூட அன்னம் முந்திவிட்டது. எல்லா வேகத்துக்கும் பொருந்தும் ஒரே வடிவம் கிடையாது என்பது அங்கேயே தெரிந்துபோயிற்று.

இன்னொன்றையும் கவனித்தார். 3 அடிப் படகு 2 நொட்டில் (நொட் என்பது கடலில் வேகத்தின் அளவு, மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) எழுப்பும் அலைக்கோலம் எப்படியோ, அதே வடிவத்து 12 அடிப் படகு 4 நொட்டில் எழுப்புவதும் அப்படியே, அளவு மட்டும் பெரிது. நீளம் நாலு மடங்கென்றால் வேகம் அதன் வர்க்கமூலம், இரண்டு மடங்கு. 16 மடங்கு பெரிய கப்பலின் 12 நொட்டை, மாதிரியைத் தண்ணீர்த் தொட்டியில் இழுத்து 3 நொட்டிலேயே பார்த்துவிடலாம். அந்தப் பொருத்தமான வேகத்தில் அலையால் வரும் தடை நீளத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும், 16-க்கு 16×16×16, அதாவது 4,096 மடங்கு. இந்த விதியை பிரான்சில் ரீச் என்பவர் முன்பே எழுதிவிட்டார் என்பது உண்மைதான். ஆனாலும் அளந்து காட்டி, கப்பல் கட்டுகிறவர்களை நம்ப வைத்தவர் புரூட்தான். கப்பல் கட்டுநர் ஸ்காட் ரசல் மாதிரி பெரிய கைகள் சின்ன மாதிரியை வைத்துப் பெரிய கப்பலைச் சொல்ல முடியாது என்று நின்ற நேரம் அது.

அவர்கள் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது, ஏனென்றால் தண்ணீர் உரசுகிற தடை இந்தக் கணக்குக்குள் வராது. புரூட் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இங்கிலாந்தின் டோர்கீ ஊரில் தன் வீட்டுப் பக்கத்தில், கடற்படைத் தலைமையகம் கொடுத்த 2,000 பவுணில், 278 அடி நீளத் தொட்டி கட்டி, அதில் வெறும் பலகைகளை இழுத்தார். வார்னிஷ் பூசியவை, துணி சுற்றியவை, மணல் ஒட்டியவை. நிமிடத்துக்கு 600 அடி வேகத்தில், அதாவது ஏறக்குறைய 6 நொட்டில், 50 அடி வார்னிஷ் பலகைக்குச் சதுர அடிக்கு 0.25 இறாத்தல் தடை, நடுத்தர மணல் ஒட்டினால் 0.488. இரண்டு அடிப் பலகைக்கோ 0.41, மணலென்றால் 0.90. குட்டைப் பலகைக்கு ஏன் சதுர அடிக்குக் கூட? முன்பகுதி தண்ணீரைக் கொஞ்சம் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது, பின்பகுதி உரசுவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரில். ஆக, மாதிரியின் மொத்தத் தடையில் உரசலைக் கழித்து, மிச்சத்தை மட்டும் பெருக்கி, பிறகு கப்பலுக்குரிய உரசலைக் கூட்ட வேண்டும். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய சங்கதி, இன்றைக்கும் தொட்டிச் சோதனையின் அடிப்படை இதுதான்.

இந்த அட்டவணையை வாவியில் தோணி வைத்திருக்கும் மாமா ஒருவரிடம் காட்டினேன். "மனே, பாசி புடிச்சாத் தோணி கனக்கும், அதுக்கு வெள்ளக்காரன் பலகை இழுக்கணுமா?" என்றார். சரி மாமா, எவ்வளவு கனக்கும் என்று கேட்டேன். "நிறைய" என்றார். அடியைச் சுரண்டாமல் வந்து "என்ஜின் இழுக்குதில்ல" என்று நிற்கிறவர்களுக்கு இப்போது நான் காட்டுவது 0.25-ஐயும் 0.488-ஐயும்தான்.

தொழில்காரனாக எனக்குப் பொறாமை வந்த இடம் மெழுகு. மாதிரிகளை அவர் பரபின் மெழுகில் வார்த்து, வரைபடத்தைப் பின்தொடர்ந்து செதுக்கும் ஒரு மெசினை வைத்துச் செதுக்கினார். பிடிக்கவில்லையா, உருக்கி அடுத்ததை வார்க்கலாம். எங்களுக்கு ஒரு மோல்ட் (படகை வார்க்கும் அச்சு) பிழையாகப் போனால் அது கொட்டிலின் மூலையில் கிடந்து ஐந்து வருடம் எங்களை முறைத்துப் பார்க்கும்.

1871-இல் கிரேஹவுண்ட் என்ற நிஜக் கப்பலையே இன்னொரு கப்பலால் இழுத்து, தொட்டிக் கணக்கோடு சரிபார்த்த அறிக்கையை அவசியம் வாசியுங்கள். கணக்கு பொருந்தியது, கூடவே நீராவி என்ஜின் தரும் சக்தியில் பாதிகூடக் கப்பலைத் தள்ளுவதற்குப் போய்ச் சேரவில்லை என்பதும் வெளியே வந்தது. கப்பல் உருளுவது பற்றிய 1861 கட்டுரை கணிதம் கூடியது, நான் பாதியில் விட்டுவிட்டேன். அடியில் இருபுறமும் நீளச் சட்டம் வைத்தால் ஆட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று பின்னர் கடலிலேயே காட்டிய பகுதி மட்டும் வாடைக் காலத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்கு உடனே விளங்கும்.

எதிர்பார்த்துக் கிடைக்காததையும் சொல்ல வேண்டும். நம் பைபர் போட் என்ஜினைத் திருகியதும் மூக்கைத் தூக்கித் தண்ணீர்மேல் சறுக்குகிறதே, அதற்கு இந்தக் கட்டுரைகள் பெரிதாக உதவாது, இவை தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் உடல்களுக்கானவை. நடையும் சுலபமில்லை, ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும்.

கொப்பியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கடையில் விரித்தேன். இழுத்த இரண்டில் ஒன்று அந்த அன்னத்தின் வரைபடம். "தம்பி, இது அன்னம், நீங்கள் வாத்தாக்கி வச்சிருக்கிறீங்க" என்றேன். பொடியன் சிரித்தான், முதலாளி சிரிக்கவில்லை. படங்களை மட்டும் ஏ3-இல், 'அக்சுவல் சைஸ்' போட்டு மறுபடி அடித்துத் தந்தார்கள், காசு வாங்கவில்லை. இரண்டு மதிப்பெண்ணில் ஒன்று அதற்காக. நீங்கள் இப்படி எதையாவது அடிக்கக் கொடுத்தால் பக்கத்தில் நின்று அந்த செட்டிங்கைப் பார்த்துவிட்டு வாருங்கள், படத்தில் அளவுகோல் இருந்தால் முதல் தாளில் அடிமட்டம் வைத்துப் பாருங்கள்.

ஏ3 தாள்கள் இப்போது ரெசின் வாளிக்கு மேலே ஆணியில் தொங்குகின்றன. அன்னத்தின் வாலில் ஒரு தேநீர்க் கறை இருக்கும், அது கடைக்காரர் பிழையில்லை.