விழா மலருக்கு சென்டர் பின்னா, பெர்ஃபெக்ட் பைண்டிங்கா?

திருவொற்றியூர்த் திருவிழா மலரோ, ராயபுரம் பள்ளி ஆண்டு மலரோ, ஆண்டர்சன் தெருவில் பேப்பர் விலை கேட்கும் முன்பே பைண்டிங்கை முடிவு செய்துவிடுங்கள். பக்க வடிவமைப்பே அதைப் பொறுத்துத்தான்.

சென்டர் பின் என்றால் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் மடித்து, மடிப்பின் மேல் கம்பிப் பின் அடிப்பது. இது மலிவு. வேலையும் சீக்கிரம் முடியும். மலர் நன்றாக விரிவதால் நடுப்பக்கத்தில் தேர்ப் படத்தைத் துணிந்து பரப்பலாம். பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தாள் கூடக்கூட உள்தாள்கள் வெளியே பிதுங்கும். அதுதான் 'க்ரீப்'. கட்டிங்கில் அந்தப் பிதுக்கத்தைச் சீவும்போது, ஓரத்தை ஒட்டி வைத்த பக்க எண்ணும் சேர்ந்து போய்விடும். 130 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஆர்ட் பேப்பரில் 100 பக்க மலருக்கு சென்டர் பின் கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது.

பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் தாள்கள் சேரும் பக்கமான முதுகைச் சீவி, சூடான பசை தடவி, அட்டையை ஒட்டுகிறார்கள். முதுகில் தலைப்பு அச்சிடலாம். அலமாரியில் எடுப்பாக நிற்கும். மெல்லிய மலருக்கு இது வீண் செலவு, பசைக்குப் பிடிமானமும் போதாது. 64 பக்கத்துக்குள் என்றால் நான் சென்டர் பின்னுக்கே கை தூக்குவேன். இன்னொன்று, இரு பக்கமும் பரவும் படத்தில் நடுவில் நிற்பவரை மடிப்பு விழுங்கிவிடும். அவர் பெரிய நன்கொடையாளராக இருந்தால் அடுத்த ஆண்டு வசூலை யார் கேட்கப் போவது?