மாலை ஷிஃப்ட் டயாலிசிஸ்: ஒரு லாரி ஓட்டுநரின் கணக்கு

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் நிலையத்தைப் பற்றிக் கேட்டால் ஊசி வலித்ததா, தாதியர் அன்பாகப் பேசினார்களா என்றுதான் சொல்வார்கள். நோயாளியாகப் போகும் நான் பார்ப்பது கடிகாரத்தை. எத்தனை மணிக்கு நாற்காலி கிடைக்கிறது, எத்தனை மணிக்கு வெளியே விடுகிறார்கள்? கட்டணத்துக்குக் கைகொடுக்க நாலு திட்டம் இருக்கிறது. இழந்த சம்பளத்துக்கு ஒன்றுமில்லை.

நான் சிங்கப்பூரில் குளிர்பதன லாரி ஓட்டுகிறேன். விடியுமுன் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி, உணவகங்களுக்கு இறக்கிவிட்டு வரவேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் வேலை. அடிப்படைச் சம்பளம் மாதம் 2,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வாரம் 44 மணி நேரம் என்று வகுத்தால் ஒரு மணிக்குப் பதினொன்றரை வெள்ளி. ஓவர்டைம் அதில் ஒன்றரை மடங்கு, 17 வெள்ளிக்குச் சற்று மேல். மாதம் 60 மணி நேரம் போட்டால் ஆயிரம் வெள்ளி தாண்டும். வீட்டை ஓட்டியது அந்த ஆயிரம்தான்.

முதலில் எனக்குக் கிடைத்தது வேறொரு நிலையத்தில் காலை ஷிஃப்ட். வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். சட்டப்படி வெளிநோயாளிக்கு ஆண்டுக்கு 14 நாள்தான் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. வாரம் மூன்று என்று எடுத்தால் ஐந்தாவது வாரத்தில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் சம்பளமில்லா விடுப்பு. ஒரு நாளுக்கு 85 வெள்ளி வெட்டு, மாதத்துக்குப் பதின்மூன்று முறை. கூட்டிப் பாருங்கள், அடிப்படைச் சம்பளத்தில் பாதி போய்விட்டது.

இப்போது போவது ஈசூனில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிற நிலையம். இங்கே மாலை ஷிஃப்ட் உண்டு. ஐந்து மணிக்கு எடை பார்த்து, ஐந்தரைக்கு ஊசி போட்டால் ஒன்பதரைக்கு இயந்திரம் நிற்கும். பகல் வேலை முழுதாகத் தப்பித்தது. இதற்காகவே ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருவேன்.

ஒரு நட்சத்திரம் குறைவது தாமதத்துக்கு. மதிய ஷிஃப்டில் ஒருவர் பிந்தி வந்தாலும், யாருக்காவது ரத்த அழுத்தம் இறங்கினாலும் அந்த நாற்காலி நமக்குப் பிந்தும். ஆறரைக்குத்தான் ஊசி என்றால், முடிந்து பஞ்சை அழுத்திப் பிடித்து ரத்தம் நின்று, மறுபடி எடை பார்த்து வெளியே வர பதினொன்று. நாலு மணிக்கு எழ வேண்டியவனுக்கு அது தூக்கம் இல்லை, கோழித்தூக்கம். எனக்குக் கோபம் தாமதத்தின் மேல்கூட இல்லை. ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் வீட்டில் கொஞ்சம் படுத்துவிட்டு வந்திருப்பேனே!

தாதியரைக் குறை சொல்ல மாட்டேன். மலேசியாவிலிருந்து வந்த ஒரு மூத்த தாதி என் இடது கையில் இருக்கும் ஃபிஸ்டுலாவின் (ஊசி போடுவதற்காக அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்) மேல் விரல் வைத்து, அதன் அதிர்வைப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். “அண்ணே, போன தடவை குத்திய இடம் வேண்டாம், கொஞ்சம் மேலே போவோம்” என்பார். தண்ணீர் அதிகம் குடித்துவிட்டுப் போனால் எடைத் தராசே காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்குக் காலில் சதை பிடித்து இழுக்கும், அவரிடம் திட்டும் விழும். குளிர்சாதனம் எலும்பு வரை போகும், போர்வை கொண்டுபோங்கள்.

அந்தக் கைதான் சம்பளத்தின் இன்னொரு ஓட்டை. ஃபிஸ்டுலா இருக்கும் கையில் பாரம் தூக்கக்கூடாது. அதனால் வெங்காய மூட்டை இறக்க இன்னொரு ஆள். எனக்கு வந்துகொண்டிருந்த இறக்குகூலிப்படி நின்றுவிட்டது. மாலை மூன்று நாள் இங்கே கழிவதால் ஓவர்டைமும் பாதிக்கு மேல் போயிற்று.

கட்டணத்துக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி 2025 ஏப்ரல் முதல் மாதம் 1,750 வெள்ளி வரை தருகிறது, முன்பு 1,100. மத்திய சேமநிதியில் மருத்துவத்துக்கென்று இருக்கும் மெடிசேவ் கணக்கிலிருந்து மாதம் 450 வரை எடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓவர்டைம் குறைந்தால் மத்திய சேமநிதிக்குப் போவதும் குறைகிறது, மெடிசேவுக்குள் விழுவதும் குறைகிறது. எடுப்பது மட்டும் குறைவதில்லை. உடற்குறை வந்தவர்களுக்கு மாதாமாதம் பணம் தரும் கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதி கிடைக்குமா என்று என் தம்பி கேட்டான். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற ஆறு அன்றாட வேலைகளில் மூன்றைச் சொந்தமாகச் செய்ய முடியாதவர்களுக்குத்தான் அது. நான் லாரி ஓட்டுகிறேனப்பா!

மானியத்துக்கு வருமானச் சோதனை உண்டு. நிலையத்தின் சமூக ஊழியர் பழைய சம்பளச் சீட்டுகளைக் கேட்டார், ஓவர்டைம் கொழித்த மாதங்கள். அதைப் பார்த்தால் நான் பணக்காரன். சம்பளம் குறைந்த பிறகு வந்த சீட்டுகளையும், முதலாளியிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள், மானியமும் கூடியது. நாமாகக் கேட்கும்வரை ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

இரவு தூங்கும்போது வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் முறையும் இருக்கிறது. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நல்லது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். எங்கள் மூவறை வீட்டில் திரவப் பெட்டிகளை அடுக்க இடமில்லை, நான் எழுவதும் நாலு மணிக்கு. உங்களுக்கு ஒத்துவந்தால் முதலில் அதைப் பற்றிக் கேளுங்கள். நிலையம்தான் என்று முடிவானால் கட்டணப் பட்டியலுக்கு முன் மாலை ஷிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை போன் அடியுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.